அறுபது பேரில் ஆறு பேர்

அத்தியாயம் 3

எட்டு மாதத்தில் ஐந்து தடவை பழனியப்பன் கம்பெனிக் குப்பியில் சிறுநீர் பிடித்துக் கொடுத்திருந்தார். நான்கு தடவை சுத்தம் என்று வந்தது. ஐந்தாவது தடவை போதை மாத்திரை இருப்பதாக வந்தது. இன்று பிற்பகல் மூன்று மணிக்கு விசாரணை.

"அறுபது டிரைவருங்க. மாசத்துக்கு ஆறு பேர டெஸ்டுக்குக் கூப்பிடுறாங்க. எட்டு மாசத்துல ஒருத்தருக்கு ஒரு தடவ வந்தாலே அதிகம். இவருக்கு மட்டும் அஞ்சு" என்றாள் பெட்ரீசியா, மடியில் விரித்திருந்த தாள்களிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எனக்கு அம்பத்தாறு வயசு மேடம். சக்கர வேற இருக்கு. நானே எட்டு மாசத்துல ரெண்டு தடவதான் குப்பியில புடிச்சுக் குடுத்தேன். அதுலயும் பாதி தரையில" என்றார் உடையப்பன்.

அவருடைய பழைய கார் குனோங் ராபாட் சுண்ணாம்புக் குன்றுகளைப் பின்னால் விட்டுவிட்டு, சுங்காயை நோக்கி நெடுஞ்சாலையில் இருமிக்கொண்டே ஓடியது. பெட்ரீசியா முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் தோண்டி எடுப்பவளாக இருந்தவள். இப்போது டயர் கடைக்கு மேலே ஓர் அறை, வாசலில் துப்பறிவாளர் என்று ஒரு பெயர்ப்பலகை, உதவிக்கு உடையப்பன். அவர் ஈப்போவுக்கும் தெலுக் இந்தானுக்கும் இடையே இருபத்தேழு வருடம் பஸ் கண்டக்டர். எந்தத் தோட்டத்தில் யார் எப்போது செத்தார், யாருடைய கல்யாணத்தில் சாம்பார் பற்றாமல் போனது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

பழனியப்பன் ஓட்டியது செம்பனை எண்ணெய் டேங்கர் லோரி. போதையில் பிடிபட்டு வேலை போனால் பேராக்கில் எந்த டேங்கர் கம்பெனியும் அவரைச் சேர்க்காது. குடியிருக்கும் வீடும் கம்பெனியுடையது. ரப்பர்ப் பால்மரம் வெட்டிய காலத்துத் தொழிலாளர் லயன் வீடு. பதினாலு நாளில் காலி செய்ய வேண்டும். முந்தாநாள் அவருடைய மனைவி வீரம்மா மாடியேறி வந்து, கம்பெனி அறிவிப்புப் பலகையில் மாதாமாதம் ஒட்டிய எட்டு டிரைவர் பட்டியல்களையும் கைப்பேசியில் பிடித்து, அச்செடுத்து, மேசைமேல் பரப்பினாள்.

"கற்பூரத்த ஏத்தி அணைப்பேன் மேடம். இருபத்தொம்பது வருசம். அவரு பீர் போத்தல மோந்துகூடப் பாத்ததில்ல. யாரோ வேணும்னு இவர மாட்டி விட்டுருக்காங்க."

அந்தக் குரலில் இருந்த உறுதி பெட்ரீசியாவின் காதில் இன்னும் இருந்தது.

கம்பெனி வாசலுக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் லூயிஸ் காத்திருந்தான். தொழிற்சங்கப் பிரதிநிதி. தடித்த மீசை, நீட்டிய கையிலும் எண்ணெய் வாடை.

"சீட்டுல திருட்டுத்தனம் நடக்கவே முடியாது. எழுதி வச்சுக்கங்க" என்று எடுத்த எடுப்பிலேயே அடித்துச் சொன்னான்.

"எப்படி அவ்ளோ உறுதியா சொல்றீங்க?"

"மொதல்ல கம்ப்யூட்டர் பொறுக்கி எடுக்கும்னாங்க. கம்ப்யூட்டர தட்டுறது யாரு? ஆபீஸ் கணக்கு எழுதுற கிராணியம்மா. ஒத்துக்க மாட்டோம்னு நின்னோம். அப்பறம் நான்தான் ஐடியா குடுத்தேன். நாலு நம்பர் லா!"

உடையப்பன் தே தாரேக் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "லாட்டரி நம்பரா?"

"அதேதான். டிரைவருங்க பேர மாசத்து மொத வெள்ளிக்கெழம கலைச்சுப் போட்டு, ஒண்ணுலேருந்து அறுபது வரைக்கும் லிஸ்ட் எடுப்பாங்க. சனிக்கெழம சாயந்தரம் மொதல் பரிசு நம்பர் வரும். அதோட கடைசி எண் மூணுன்னு வையுங்க, லிஸ்ட்ல மூணு, பதிமூணு, இருவத்திமூணு, அப்படியே ஆறு பேர். திங்கக்கெழம காலையில லிஸ்ட பலகையில ஒட்டுவாங்க, உடனே குப்பி. மலாய்க்காரப் பசங்க மொதல்ல மொணகினாங்க, சூதாட்ட நம்பர்னு. காசு கட்டலையே, பாக்கத்தானே போறோம்னு நான்தான் ஒத்துக்க வச்சேன். ஒவ்வொரு மாசமும் அந்தத் திங்கக்கெழம பேப்பர் வாங்கி நானே ஒத்துப் பாக்குறேன். லாட்டரிக்காரன் நம்பர எங்க மானேஜரு மாத்த முடியுமா?"

"மூத்திர நம்பர் விழுந்தவனுக்கு ஆறுதல் பரிசு ஏதாச்சும் உண்டா தம்பி?" என்றார் உடையப்பன்.

லூயிஸ் சிரிக்கவில்லை. "அன்னிக்கு ஒரு டிரிப் கம்மி. அதான் பரிசு."

பெட்ரீசியா தாள்களை உடையப்பன் பக்கம் தள்ளினாள். டெஸ்டுக்குப் போனவர்களின் பெயர்களை அவள் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள். உடையப்பன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலை ஓட்டினார்.

"தேவன். வருசா வருசம் கல்லுமலைக்குக் காவடி எடுக்குற பய. உஸ்மான், சூராவுப் பள்ளிவாசல்ல பாங்கு சொல்றவரு. கோலின், சபையில கித்தார் அடிப்பான். ஆ சோங்கு சுத்த சைவம், வெங்காயம்கூடத் தொடமாட்டாரு. பழனியப்பன், புரட்டாசியில செருப்புப் போடாத ஆளு." கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், இது மூத்திர லிஸ்டா, இல்ல புண்ணியத்தலம் போற பஸ்ஸு லிஸ்டா?"

பெட்ரீசியா காதில் வாங்கவில்லை. அவள் வட்டமிட்ட பெயர்களை விட்டுவிட்டு, ஜூன் மாதத் தாளின் அடியில் இருந்த கடைசி வரிசை எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லூயிஸ், ஜூன்ல யாராவது வேலைய விட்டுப் போனாங்களா?"

"இல்லையே."

"மத்த எல்லா மாசமும் அறுபது பேர். ஜூன்ல அம்பத்தொம்பதுதான் இருக்கு. ஜூலைக்கு அறுபதாவதா புதுசா ஒரு பேர் வந்திருக்கு."

"அது சின்னையாவுக்குப் பதிலா வந்த ஆளு. சின்னையாதான் செத்துப் போயிட்டாரே. வண்டி ஓட்டும்போதே தூங்கி, ஸ்லிம் ரிவர் பக்கம் தடுப்புல மோதி..."

"என்னிக்கு?"

பதில் உடையப்பனிடமிருந்து வந்தது. "ஜூன் ஆறு. சனிக்கெழம மத்தியானம். மறுநாள் அடக்கத்துக்கு நான் போயிருந்தேன்."

பெட்ரீசியா தாளைத் திருப்பி, மூலையில் இருந்த தேதியை நகத்தால் தட்டினாள். ஜூன் ஐந்து, வெள்ளிக்கிழமை.

"சனிக்கெழம மத்தியானம் செத்தவர் பேரு வெள்ளிக்கெழம எடுத்த லிஸ்ட்ல எப்படி இல்லாமப் போச்சு? கிராணியம்மாவுக்கு ஜோசியம் தெரியுமா?"

லூயிஸ் தாளைப் பிடுங்கித் தேதியை மறுபடி பார்த்தான்.

"நம்பர யாரும் தொடல. நீங்க எல்லாரும் நம்பருக்கே காவல் நின்னீங்க. லிஸ்டுக்கு யாருமே காவல் இல்ல. சனிக்கெழம சாயந்தரம் நம்பர் தெரிஞ்சதுக்கு அப்பறம்தான் லிஸ்ட் எடுக்குறாங்க. கடைசி எண் ஏழுன்னா, வேண்டிய ஆறு பேர ஏழு, பதினேழு, இருவத்தேழுல உக்கார வச்சாப் போதும். தேதி மட்டும் வெள்ளிக்கெழம."

"அலாமா!" என்றார் உடையப்பன். "கோழிக்கூண்டுக்குப் பூட்டுப் போட்டு, கோழிய வெளியில விட்டுருக்கீங்களே தம்பி!"

சாலையைக் கடக்கும்போது பெட்ரீசியாவின் நடையில் வேகம் கூடியிருந்தது. குலுக்கல் பொய் என்றால் டெஸ்டும் செல்லாது. டெஸ்ட் செல்லாவிட்டால் வேலையும் தப்பும், வீடும் தப்பும். கைக்கடிகாரத்தில் மணி ஒன்றேகால்.

கிராணியம்மா கலாதேவி பத்தொன்பது வருடமாகக் கம்பெனி ஆபீசில் அதே மேசையில் இருப்பவள். பக்கத்துச் சன்னலில் துளசிச் செடி, மேசைமேல் உறைகளில் போட்டு வைத்த காலிக் குப்பிகள். பெட்ரீசியா ஜூன் மாதத் தாளை வைத்து, சின்னையா என்று ஒரே ஒரு சொல் சொன்னாள்.

கலாதேவி தாளைப் பார்க்கவே இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"செத்த மனுசன் பேர நம்பர்ல வைக்க எனக்கு மனசு வரல மேடம். எடுத்துட்டேன். அதுதான் என்னை மாட்டி விட்டுருச்சா?"

"பழனியப்பன் மேல உங்களுக்கு என்ன கோபம்?"

"கோபமா?" கலாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க எண்ணெய வாங்குற கம்பெனி போன வருசம் கடிதாசி போட்டாங்க. ஒரு டிரைவர் மாட்டினா எச்சரிக்கை. ரெண்டு பேர் மாட்டினா ஒப்பந்தம் ரத்து. மேடம், ராவும் பகலும் ஓட்டுற பசங்க. பாதிப் பேருக்கு மேல தூக்கம் வராம இருக்கக் குதிரை மாத்திரை போட்டுத்தான் ஸ்டியரிங் புடிக்குறாங்க. உண்மையான குலுக்கல் போட்டா மொத மாசமே கம்பெனியச் சாத்திருப்பாங்க. அறுபது குடும்பம். மானேஜர் என்கிட்ட எழுதிக் குடுக்கல. 'பாத்துப் பண்ணு கலா'ன்னார். நான் பாத்துப் பண்ணினேன்."

"அப்படின்னா..."

"யாரு கண்டிப்பா பாஸ் ஆவாங்களோ அவங்களத்தான் போட்டேன். சாமி கும்பிடுறவங்க, தொழுகுறவங்க, பொண்டாட்டிக்குப் பயந்தவங்க. ஒவ்வொரு மாசமும் நான் மொதல்ல எழுதுற பேரு பழனியண்ணன் பேருதான். எனக்கு அவரு மேல அவ்ளோ நம்பிக்கை மேடம்."

காவடி, பாங்கு, கித்தார், சைவம். கடையில் உடையப்பன் சொன்ன வேடிக்கை இப்போதுதான் பெட்ரீசியாவுக்கு உறைத்தது. அந்தச் சிவப்பு வட்டங்களில் இருந்தவர்கள் கம்பெனி பிடிக்க நினைத்த ஆட்கள் அல்லர். கம்பெனி நம்பியவர்கள்.

உடையப்பன் தணிந்த குரலில் கேட்டார். "குப்பிய யாராச்சும் மாத்திருக்கலாம் இல்ல?"

"எதுக்கு அண்ணே மாத்தணும்? அவரு பாஸ் ஆகணும்னுதான் நாங்க எல்லாருமே வேண்டிக்கிட்டோம். அவரு முன்னாடியே சீல் வச்சு, ரெண்டு குப்பி, ரெண்டு வேற லேப்பு. ரெண்டுலயும் அதேதான் வந்துச்சு. ரிப்போர்ட்டப் பாத்துட்டு எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல."

பழனியப்பனை மாட்டி விட்டார்கள் என்று நிரூபிக்க வந்தாள் பெட்ரீசியா. அவரை மாட்டி விட அங்கே ஒருவருக்குமே மனமில்லை என்பதற்கு இப்போது அவள் கையிலேயே அத்தாட்சி இருந்தது.

"மூணு மணிக்கு அந்த வாங்குற கம்பெனி ஆபிசரும் வாராங்க. செரீனான்னு பேரு. கண்டிப்பானவங்க" என்றாள் கலாதேவி. "மேடம், இத வெளியில சொல்லப் போறீங்களா?"

பெட்ரீசியா ஜூன் மாதத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பழனியப்பன் பழைய புகைக்கூண்டின் நிழலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு காலத்தில் ரப்பர் தாள்களை உலர்த்திய கட்டடம் அது. இப்போது லோரி டயர்களை அடுக்கும் இடம். விசாரணைக்காக வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். சட்டையின் கழுத்து இரண்டு விரல் தொளதொளத்தது.

"எப்ப ஆரம்பிச்சீங்க?" என்றாள் பெட்ரீசியா. எப்படி, ஏன், யார் தந்தது என்றெல்லாம் சுற்றவில்லை.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு உடையப்பனைப் பார்த்தார். ஒரு டயரின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"சின்னையா செத்த பொறவு, புது ஆளு பழகுற வரைக்கும், அவரு டிரிப்பெல்லாம் என் தலையில விழுந்துச்சு. ஜூலையில ஒரு நாள் தாப்பா ரோட்டுல கண்ண மூடித் திறக்குறேன், எதிர்ல ஸ்கூல் பஸ். எப்படி ஒடிச்சேன்னு இன்னிக்கும் தெரியல. அன்னிக்குப் பசங்க பாதி மாத்திரை குடுத்தாங்க. சின்னையா மாதிரிச் சாவப் போறியா, இதப் போடுறியான்னாங்க."

"ஆகஸ்டுல டெஸ்ட் வரும்னு தோணலையா?"

"நாலு தடவ எனக்கு விழுந்துருச்சு. நம்பர்தானே மேடம்? விழுந்த நம்பர் மறுபடி மறுபடியா விழும்? இனி இந்த வருசத்துக்கு வராதுன்னு நெனச்சேன்."

குலுக்கலை அவரைவிட உண்மையாக நம்பியவர் அந்தக் கம்பெனியில் யாரும் இல்லை.

"சரிண்ணே" என்றார் உடையப்பன். "மூணு வாரமா வண்டிய எடுக்கல. இப்ப விட்டாச்சுல்ல?"

பழனியப்பன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். விரல்கள் மழைக்காற்றில் இலை ஆடுவதுபோல் ஆடின.

"வண்டி இல்ல, வேல இல்ல, சும்மாத்தான் கெடக்குறேன். நேத்தும் போட்டேன்."

எங்கோ ஒரு டேங்கர் பின்னால் வரும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

"வீரம்மாவுக்கு இது தெரியக்கூடாது மேடம். வேல போனாக்கூட அவ தாங்கிக்குவா. கோயில்ல போய் என் பேர்ல சத்தியம் பண்ணிட்டு வந்தவ. குலுக்கல் பொய்யின்னு மட்டும் அவகிட்ட சொல்லுங்க. அது உண்மைதானே?"

பெட்ரீசியா மனதுக்குள் வேகமாகக் கணக்குப் போட்டாள். ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. ஜூன் மாதத் தாளை மானேஜரிடம் தனியறையில் காட்டலாம். அவருக்கும் பயம் இருக்கும். பணிநீக்கம் என்று எழுதாமல் ராஜினாமா என்று எழுத வைக்கலாம். வீட்டுக்கு ஆறு மாதத் தவணை கேட்கலாம். பழனியப்பனைச் சத்தமில்லாமல் ஒரு மருத்துவரிடம் சேர்க்கலாம். சின்ன ஓட்டைதான், குனிந்து போனால் ஓர் ஆள் நுழையலாம்.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வீரம்மா வாசலில் பிடித்துக்கொண்டாள். கையில் அர்ச்சனைத் தட்டு.

"கண்டுபுடிச்சிட்டீங்களா மேடம்?"

"குலுக்கல் பொய்தான்க்கா. ஜூன் மாச லிஸ்ட் பின்னால எடுத்தது. ஆனா நீங்க கொஞ்சம் பொறுமையா இருங்க. நான் மானேஜர்கிட்ட..."

தவறு அங்கேதான் நடந்தது. பாதி உண்மையைச் சொல்லிவிட்டு மீதியை மூடி வைக்கலாம் என்று பெட்ரீசியா நினைத்தாள். வீரம்மாவுக்கு அந்தப் பாதியே போதுமாக இருந்தது. அவள் கும்பிட்டாள். சிரித்தாள். திரும்பினாள். பட்டியல்கள் அவளுடைய கைப்பேசியில்தானே இருந்தன!

"அக்கா! கொஞ்சம் நில்லுங்க, அக்கா!"

விசாரணைக்குத் துணையாக லூயிஸ் டிரைவர்களைத் திரட்டி வைத்திருந்தான். நாற்பது பேராவது முற்றத்தில் நின்றார்கள். வீரம்மா ஒரு லோரியின் படியில் ஏறினாள்.

"கேளுங்கய்யா! நம்பர் பொய்! லிஸ்ட நம்பருக்கு அப்பறம்தான் எழுதுறாங்க! செத்த சின்னையாண்ணன் பேரு முந்தின நாளே இல்லையாம்! தேவா, உனக்கு நாலு தடவ. உஸ்மான் அண்ணே, உங்களுக்கு நாலு. ஏன்? உங்களுக்குக் கேக்க ஆளில்லன்னுதானே?"

கைப்பேசி கை மாறியது. முதலில் முணுமுணுப்பு, பிறகு கூச்சல். தேவனின் குரல்தான் ஓங்கி ஒலித்தது. "நாங்க மட்டும் என்னா கேனப் பசங்களா? எல்லாரையும் புடிங்க லா! ஒருத்தன் விடாம!"

"எல்லாரையும்! எல்லாரையும்!" என்று காவடிக்காரனும் பாங்கு சொல்பவரும் கித்தார்க்காரனும் ஒரே குரலில் கத்தினார்கள். மற்றவர்களிடமிருந்து சத்தமே இல்லை. பெட்ரீசியா அந்த முகங்களை எண்ணிப் பார்த்தாள். கத்தாதவர்களே அதிகம்.

உடையப்பன் அவள் காதருகே சொன்னார். "மேடம், வண்டிய எடுத்து வெளியில போட்டுரவா? இவங்க போற போக்குல எனக்கும் ஒரு குப்பி நீட்டிருவாங்க." சொன்னாரே தவிர, நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

மாடி வராந்தாவில் மானேஜர் தெரிந்தார். அவருக்கு முன்னால், பச்சைக் கோட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒரு பெண். செரீனா. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"மொத்தம் எத்தனை டிரைவர்?" என்று மேலிருந்து கேட்டாள்.

லூயிஸ் தொண்டையைச் செருமினான். "அறுபது, மேடம்."

"நல்லது. நீங்களே கேட்டுட்டீங்க. அறுபது பேருக்கும் டெஸ்ட். இப்பவே. ரோட்டுல இருக்கிற லோரிகளையும் திரும்பக் கூப்பிடுங்க. கேட்டைச் சாத்துங்க."

காவலாளி இரும்புக் கதவைத் தள்ளினார். ஒருவன் பின்பக்க வேலியை நோக்கி நாலு அடி வைத்தான். அங்கேயும் ஒரு காவலாளி நிற்பதைக் கண்டு நின்றுவிட்டான். கலாதேவி குப்பிகள் இருந்த உறைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் எட்டு மாதம் பொய் எழுதிக் காப்பாற்றியதை வீரம்மா மூன்று நிமிடத்தில் உண்மை பேசி உடைத்திருந்தாள்.

பெட்ரீசியா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். "வீரம்மாக்கா, இவர டெஸ்ட் பண்ணியாச்சு. இவரு மறுபடி போகவேண்டிய அவசியமே இல்ல. நான் அந்த ஆபிசர்கிட்ட பேசுறேன்..."

"என்னா மேடம் இப்படிச் சொல்றீங்க?" வீரம்மாவின் கண்கள் பளபளத்தன. புகைக்கூண்டு நிழலிலிருந்து புருஷனின் கையைப் பிடித்து இழுத்து வந்துகொண்டிருந்தாள் அவள். அவருடைய கால்கள் மண்ணில் இழுபட்டன. "போன தடவ பொய் டெஸ்ட். இதுதான் உண்மையான டெஸ்டு. எல்லாரும் பாக்கட்டும்."

பழனியப்பன் பெட்ரீசியாவைப் பார்த்தார்.

வீரம்மா கலாதேவியின் மடியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தாள். சேலை முந்தானையால் அதை நன்றாகத் துடைத்தாள். புருஷனின் நடுங்கும் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடிக்க வைத்தாள்.

"பயந்துட்டாரு மனுசன்" என்றாள் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி. பிறகு அவர் முதுகில் கையை வைத்துக் கழிவறைப் பக்கம் தள்ளினாள்.

"போங்க. நீங்கதான் மொதல்ல போகணும்."